குதிரைவலுவை வாங்கி இழுவையைத் தேடிய கதை

மன்னார்ப் பக்கம் வியாபாரம் செய்பவர்களுக்குக் கட்டுக்கரைக் குளத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அருவி ஆற்றின் தண்ணீர் தேக்கம் அணையில் மறிக்கப்பட்டு இக்குளத்துக்கு வருகிறது. இங்கிருந்து வாய்க்கால் வழியே முருங்கன், நானாட்டான், உயிலங்குளம் பகுதி வயல்களுக்குப் பாய்கிறது. அறுவடைக் காலத்தில் வயல் ஓரத்திலேயே நெல்லை வாங்கி ஆலைக்கு ஏற்றுவதும், மற்றைய மாதங்களில் சிலாவத்துறையில் மீன் ஏற்றுவதும்தான் எனது தொழில். இரண்டுக்கும் ஒரே கெப் வண்டிதான்.

வாப்பாவின் காலத்திலிருந்து எங்களிடம் டர்போ இல்லாத பழைய 2.8 லீற்றர் டீசல் கெப் ஒன்று இருந்தது. 2020 இல் அதை விற்றுவிட்டு, சிறிய என்ஜினும் அதிக குதிரைவலுவும் கொண்ட புதிய ரகக் கெப் ஒன்றை லீசிங்கில் எடுத்தேன். அந்த ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் பாவித்த வண்டிக்கும் தீ விலை. "பழையது 90 குதிரை, இது 150 குதிரை, மலையையும் இழுக்கும்" என்று மச்சானிடம் பெருமை பேசியதும் நான்தான்.

2021 பெரும்போக அறுவடையின்போது அந்தப் பெருமை கரைந்தது. பதினைந்து மூடை நெல்லுடன் வயலிலிருந்து வாய்க்கால் கட்டின் மீது ஏற வேண்டும். நிலம் ஈரம், ஏற்றம் சிறியது. கிளட்சை விட்டதும் என்ஜின் நின்றது. மீண்டும் விட்டேன், மீண்டும் நின்றது. மூன்றாம் முறை எக்சிலேட்டரை மிதித்து கிளட்சைப் பாதியில் பிடித்தேன். கருகிய வாசனை வந்தது. அதற்குள் மழையும் வந்துவிட்டது. நனைந்த நெல்லை ஆலையில் அடிமாட்டு விலைக்குக் கொடுத்தேன். கிளட்ச் மாற்றிய செலவோடு அந்த மாத லீசிங் தவணையும் தவறிப் போனது.

வண்டியை நட்டத்துக்கு விற்றுவிடும் எண்ணத்துடன்தான் கராஜுக்குப் போனேன். அங்கிருந்த பாஸ் சிரித்தபடி, "நானா, வண்டியில பிழையில்ல. நீங்க வாங்கினது குதிரைவலு, தேடினது இழுவை" என்றார். அன்று அவர் விளக்கியதையும், பின்னர் நான் தேடிப் படித்ததையும் நமது வியாபாரிகளுக்குப் பயன்படும் என்பதால் இங்கு எழுதுகிறேன்.

முறுக்குவிசை என்பது என்ன?

ஒரு மீற்றர் நீளமான ஸ்பெனரின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால், மறுமுனையிலுள்ள நட்டின் மீது ஏறத்தாழ 98 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை விழும். இதைத்தான் டோர்க் என்கிறார்கள். வண்டியை நின்ற இடத்திலிருந்து அசைப்பது இந்த விசையே.

குதிரைவலு என்பது வேலையின் வேகம். 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீற்றர் உயர்த்தினால் ஒரு குதிரைவலு. இரண்டுக்கும் இடையே ஓர் எளிய கணக்கு உண்டு. நியூட்டன் மீற்றரை நிமிடச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி 7000 ஆல் வகுத்தால் குதிரைவலு ஏறத்தாழ வந்துவிடும். ஆகவே முறுக்குவிசை கூடாமலே, என்ஜினை வேகமாகச் சுற்றவிட்டும் குதிரைவலுவைக் கூட்டலாம். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் உள்ள குதிரைவலு, என்ஜின் 3400 அல்லது 3600 சுற்றில் சுழலும்போது மட்டுமே கிடைப்பது. வாய்க்கால் கட்டில் ஏறும்போது யாரும் அந்த வேகத்தில் சுற்றுவதில்லை.

சுற்றையும் பாருங்கள்

டொயோட்டா ஹைலக்ஸின் கதையையே எடுத்துக்கொள்வோம். டர்போ இல்லாத பழைய 2.8 என்ஜின் தந்தது ஏறத்தாழ 90 குதிரைவலுவும் 190 நியூட்டன் மீற்றருக்குச் சற்றுக் குறைந்த முறுக்குவிசையும்தான். 2005 அளவில் வந்த 3.0 டர்போ என்ஜின் 163 குதிரைவலுவும் 343 நியூட்டன் மீற்றரும் தந்தது. அந்த முறுக்குவிசை 1400 முதல் 3200 சுற்று வரை சமமாகக் கிடைத்தது. 2015 இல் வந்த 2.8 டர்போவின் ஒட்டோ கியர் ரகம் 177 குதிரைவலு, 450 நியூட்டன் மீற்றர். இது 1600 முதல் 2400 சுற்று வரை. 2020 இல் அதே என்ஜின் 204 குதிரைவலுவுக்கும் 500 நியூட்டன் மீற்றருக்கும் உயர்த்தப்பட்டது. இசுசு டி-மெக்ஸின் சிறிய 1.9 லீற்றர் என்ஜின் 150 குதிரைவலுவும் 350 நியூட்டன் மீற்றரும் தருகிறது. இது 1800 முதல் 2600 சுற்று வரை.

இந்த எண்களில் நாம் கவனிக்கத் தவறுவது கடைசியில் உள்ள சுற்று எண்ணிக்கையையே. டர்போ என்பது வெளியேறும் புகையால் சுழன்று, என்ஜினுக்குள் மேலதிகக் காற்றைத் திணிக்கும் விசிறி. புகை போதாவிட்டால் விசிறி வேகம் பிடிக்காது. 1000 சுற்றில் ஒரு 1.9 லீற்றர் டர்போ என்ஜின், டர்போ இல்லாத சிறிய என்ஜினைப் போலத்தான் நடந்துகொள்ளும். அந்த இடத்தில் வாப்பாவின் 2.8 ஆனது கொள்ளளவின் பலத்தாலேயே மெதுவாக ஏறிவிடும். என் வண்டி நின்றதன் இரகசியம் இதுதான்.

அதேபோல் உச்சிக்கு மேலும் ஆதாயம் குறைவு. மேற்சொன்ன 177 குதிரைவலு என்ஜினை 2400 சுற்றில் கணக்குப் பார்த்தால் 154 குதிரைவலு வருகிறது. 3400 சுற்றுக்கு மிதித்தால் கிடைப்பது வெறும் 23 குதிரைவலு அதிகம். முறுக்குவிசையோ 450 இலிருந்து 365 அளவுக்கு இறங்கிவிடுகிறது. சத்தமும் டீசல் செலவும்தான் மிச்சம்.

மறந்துபோன நெம்பு

பாஸ் அடுத்துக் கேட்ட கேள்வி என்னை வெட்கப்பட வைத்தது. "ஃபோவீல் லோ போட்டீங்களா?" அந்த நெம்பு வெள்ளத்துக்கு மட்டும் என்று நினைத்து நான் தொட்டதே இல்லை.

என்ஜினின் முறுக்குவிசை அப்படியே சக்கரத்துக்குப் போவதில்லை. முதலாம் கியர் அதை ஏறத்தாழ நான்கு மடங்காக்குகிறது. டிப்ரன்ஷல் மேலும் மூன்றரை முதல் நான்கு மடங்காக்குகிறது. லோ நெம்பு இதற்கும் மேலாக ஏறத்தாழ இரண்டரை மடங்கு சேர்க்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. சாதாரண முதலாம் கியரில் மணிக்கு 7 கிலோமீற்றர் வேகத்தில் ஏறும்போது என்ஜின் ஏறத்தாழ 800 சுற்றில் திணறும். லோவில் அதே வேகத்துக்கு 2000 சுற்றில் சுழலும், டர்போவும் விழித்துக்கொள்ளும். இழுவை இரு வழியாலும் கூடுகிறது.

அடுத்த நாள் அதே கட்டில், அதே பதினைந்து மூடையுடன், லோ முதலாம் கியரில் கிளட்சை முழுதாக விட்டேன். அல்ஹம்துலில்லாஹ், வண்டி நடந்து ஏறியது. விற்கும் எண்ணத்தை அன்றே கைவிட்டேன்.

வாங்குமுன் கவனிக்க

ஒன்று, குதிரைவலுவைக் கேட்குமுன் உச்ச முறுக்குவிசை எந்தச் சுற்றில் தொடங்குகிறது என்று கேளுங்கள். சுமை ஏற்றுபவருக்கு 1400 அல்லது 1600 இல் தொடங்குவது நல்லது.

இரண்டு, ஒட்டோ கியரில் உள்ள டோர்க் கன்வேர்ட்டர், வண்டி கிளம்பும் வேளையில் முறுக்குவிசையைத் தானே பெருக்கிக் கொடுக்கும்; எரிவதற்கு கிளட்ச் இல்லை. ஈர நிலத்தில் அடிக்கடி கிளம்புபவர்கள் இதை யோசிக்கலாம்.

மூன்று, கடற்கரை மணலில் முறுக்குவிசை மட்டும் காப்பாற்றாது. டயர் பிடிக்காவிட்டால் அதிக இழுவை குழியைத்தான் தோண்டும். சுமையில்லாத வேளையில் டயர் காற்றைக் குறைத்து மெதுவாக மிதிக்க வேண்டும். தார் வீதிக்கு ஏறியதும் மீண்டும் காற்றடிக்க வேண்டும்.

நான்கு, காய்ந்த தார் வீதியில் ஃபோவீலைப் போட்டு ஓடக்கூடாது. முன் சக்கரமும் பின் சக்கரமும் வளைவில் ஒரே வேகத்தில் சுழல வற்புறுத்தப்படுவதால் பல்லிணைப்புகள் பழுதாகும்.

2025 இல் இறக்குமதி மீண்டும் திறந்ததால் நம்மவர் பலர் புதிய கெப் தேடுகிறார்கள். பல இலட்சம் ரூபா கடன் படுமுன், விளம்பரத் தாளை விட்டுவிட்டு, உங்கள் சுமையை ஏற்றி, உங்கள் வயல் வரம்பில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். விற்பவர் அதற்கு மறுத்தால், அந்த மறுப்பையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளலாம்.