பெரிய இன்ஜின், பழைய பிரேக்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலையில் ஆட்டோக்கள்தான் அதிகம். நடுவே எங்காவது மர நிழலில் ஒரு வெள்ளை அம்பாசடர் நின்றால் எனக்குக் கால் நகராது. போன மார்கழியில் அப்படி நின்ற ஒரு டாக்ஸியின் ஓட்டுநர் சாவியைத் திருப்பினார். எழுந்தது அம்பாசடர் சத்தமே இல்லை. மேட்டடார் வேனின் கடகடப்பு!

"மாத்திப் பல வருஷம் ஆச்சு சார்" என்று சிரித்தபடி பானெட்டைத் தூக்கிக் காட்டினார். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே விரல் நுழையும் இடம்தான் மிச்சம். இன்ஜினைத் தாங்கிய மவுண்டிங், பட்டறையில் வெட்டிப் பற்றவைத்த இரும்புப் பட்டை. வெல்டிங் தழும்பின் மேல் அடித்த கறுப்பு பெயின்ட் உரிந்து கிடந்தது.

ஏன் மாற்றினார் என்று கேட்கத் தேவையில்லை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அச்சாக வைத்து 1950-களின் இறுதியில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்த வண்டி அம்பாசடர். நெடுங்காலம் அதை இழுத்தது 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். அதே அளவில் பிறகு வந்த டீசலுக்கு 40 குதிரைத்திறன்கூட கிடையாது. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி. உள்ளே ஐந்து பேர், கேரியரில் பெட்டிகள். ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களைச் சென்னை விமான நிலையத்திலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாக அழைத்துவர ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஒரு லாரியை முந்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் அன்று விலை வித்தியாசமும் பெரிது. புதுப்பேட்டையில் பழைய டீசல் இன்ஜின் கிடைக்கும். பிந்தைய மேட்டடார்களில் வந்தது, மெர்சிடிஸ் பென்ஸ் வடிவமைப்பில் பஜாஜ் டெம்போ தயாரித்த 2.4 லிட்டர் டீசல். பிறகென்ன, செயின் பிளாக்கில் பழையதைத் தூக்கிப் புதியதை இறக்கிவிட வேண்டியதுதான்!

இந்த வேலையைக் கம்பெனியே செய்திருக்கிறது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் இன்னொரு காரான கான்டெஸா 1980-களில் வந்தபோது அந்தக் கனமான உடம்பில் இருந்ததும் இதே 1,489 சி.சி.தான். பார்க்கக் கம்பீரம், மிதித்தால் நகராது. அதற்கு ஜப்பானின் இசுஸு வடிவமைத்த 1,817 சி.சி. இன்ஜினைப் பொருத்தினார்கள். 1990-களில் அதுவே அம்பாசடருக்கும் வந்தது. ஆனால் கம்பெனி இன்ஜினை மட்டும் மாற்றி நிறுத்திக்கொள்ளவில்லை. ஸ்டீயரிங் பக்கத்தில் இருந்த கியர் தரைக்கு வந்தது. நான்கு கியர் ஐந்தானது. பிந்தைய மாடல்களில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் கிடைத்தது. பட்டறையில் தவறுவது இந்த இடத்தில்தான்.

பழைய கியர் பாக்ஸ், பழைய இன்ஜினின் முறுக்குவிசைக்குச் செய்தது. பெரிய இன்ஜினைக் கோத்தால் கிளட்ச் பிளேட் முதலில் போகும், அடுத்து கிரவுன் பினியன். கியர் பாக்ஸையும் சேர்த்து மாற்றினால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நீளம் பொருந்தாது. லேத்தில் வெட்டி ஒட்டிச் சரியாக பேலன்ஸ் செய்யாவிட்டால் எழுபதைத் தொட்டதும் வண்டி உதறும். டீசலின் எடைக்கு மூக்கு தணியும். ரேடியேட்டர் பழையது என்றால் சித்திரை வெயிலில் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் முள் சிவப்புக்குப் போகும். அம்பாசடருக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது, பாடிதான் எல்லாம். பல லட்சம் கிலோமீட்டர் ஓடி, தரைத்தகடு துருப்பிடித்த வண்டி கூடுதல் முறுக்கை எப்படித் தாங்கும்? எல்லாவற்றுக்கும் மேல், நான்கு சக்கரத்திலும் இருப்பது அதே டிரம் பிரேக். "பிக்கப் சூப்பர்" என்பார்கள். நிற்பதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். கிரிவலப் பாதையை ஒட்டி, ஆளும் மாடும் குறுக்கே வரும் சாலையில் எனக்கு அதுதான் முதல் கேள்வி.

சட்டமும் சாதகமாக இல்லை. தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கும் ஆர்.சி. விவரத்துக்கும் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இந்த முரண்பாட்டைத்தான்.

ஆயில் தின்னும் பழைய இன்ஜின் செத்த இன்ஜின் அல்ல. போர் அடித்து, ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் போட்டு, கிராங்கைக் கிரைண்டிங் செய்து பேரிங் மாற்றினால் இன்னும் பல வருஷம் ஓடும். இழுவை அதிகரிக்காது, உண்மைதான். மிச்சமாகும் காசில் பிரேக்கைப் பாருங்கள்.

2014 மே மாதம் உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. இனி வாங்குவதெல்லாம் பழைய வண்டிதான். ஆசைப்பட்டு விலை பேசுகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பானெட்டைத் தூக்கி, பிளாக்கில் அடித்திருக்கும் இன்ஜின் நம்பரைத் துணியால் துடைத்து, ஆர்.சி.யில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எண் மாறியிருந்தாலும் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.