ஒரே கார்டு... ஏகப்பட்ட சேட்டை!

ஹாஸ்டல்ல எவனோ ஒருத்தன் ஹீட்டர் காயில் போட்டு மேகி கிண்ட, மொத்த ஃப்ளோருக்கும் கரன்ட் போன அனுபவம் உண்டா? அப்போ இந்த மேட்டர் உங்களுக்குச் சட்டுனு புரியும் பாஸ்!

ஒரே நெட்வொர்க் கார்டைப் பல குட்டி கார்டுகளா காட்டுற டெக்னிக்குக்குப் பேரு எஸ்.ஆர்-ஐ.ஓ.வி. அந்தக் குட்டிகள்தான் விர்ச்சுவல் ஃபங்ஷன், செல்லமா வி.எஃப். ஆளுக்கு ஒண்ணுன்னு விர்ச்சுவல் மெஷின்களுக்குக் கொடுத்துடுவாங்க. பாக்கெட் போற வழியில ஹைப்பர்வைஸர் குறுக்கே நிக்காது. அதனால செம ஸ்பீடு! ஆனா, உள்ளே ஓடுற டிரைவர் யார் எழுதினதோ, யாருக்குத் தெரியும்? மெயின் கார்டை மேய்க்கிற பி.எஃப் டிரைவர்தான் இங்கே வார்டன்.

சேட்டைன்னா சாதாரண சேட்டை இல்லை. 'கொஞ்சம் அனுப்பாம இரு'னு சுவிட்ச்சுக்குச் சொல்ற ஃப்ளோ கன்ட்ரோல் ஃப்ரேம் ஒண்ணு இருக்கு. 10 கிகாபிட் லைன்ல ஒரே ஒரு ஃப்ரேம் சுமார் 3.36 மில்லி செகண்ட் வரை டிராஃபிக்கை நிறுத்தி வைக்கும். கணக்குப் போடுங்க... செகண்டுக்கு 300 அனுப்பினா போதும், போர்ட்டே முடங்கிடும்! சுவிட்ச்சுக்கு வி.எஃப்-னு ஒண்ணு இருக்கிறதே தெரியாதே. அடி வாங்குறது பக்கத்து ரூம்காரங்க. இஸ்ரேலின் டெக்னியான் ஆய்வாளர்கள் 2015-ல் யூசெனிக்ஸ் செக்யூரிட்டி மாநாட்டில் இதைப் போட்டு உடைச்சாங்க. இன்டெல்லின் ஐ40இ லினக்ஸ் டிரைவர்ல, வி.எஃப் அனுப்புற இந்த ஃப்ரேம்களைத் தூக்கிப் போடவே தனியா ஒரு ஃபங்ஷன் இருக்கு.

இன்னொரு ரகம், தப்புத் தப்பா டிஸ்கிரிப்டர் கொடுக்கிறது. கார்டே கண்டுபிடிச்சு அந்த க்யூவை மட்டும் நிறுத்தி, வார்டனுக்குத் தகவல் சொல்லும். 'மலிஷியஸ் டிரைவர் டிடெக்‌ஷன்'னு பேரு. பேர்தான் பயங்கரம், பாதி நேரம் சிக்குறது வில்லன் இல்லை, பக் இருக்கிற அப்பாவி டிரைவர்!

இங்கேதான் சிக்கல். உடனே ரீசெட் பண்ணிவிட்டா, நிஜ வில்லன் திரும்பத் திரும்ப ஆடுவான். பண்ணாம விட்டா, அப்பாவி நெட் இல்லாம தவிப்பான். இன்டெல்லின் 'ஐஸ்' டிரைவர் இந்த முடிவை அட்மின் கையிலேயே விட்டுடுது. தானா ரீசெட் ஆகணுமான்னு ஈத்டூல்ல ஒரு சுவிட்ச். சும்மா விட்டா ஆஃப்லதான் இருக்கும். புகார் மெசேஜையும் செகண்டுக்கு ஒரு தடவைக்கு மேல எழுதாது. இல்லேன்னா லாகை ரொப்பியே ஒருத்தன் சர்வரைப் படுக்க வெச்சிடுவான்!

ஆசையா இருக்கா? காஸ்ட்லி கார்டெல்லாம் வேண்டாம். 2023-ல் வந்த க்யூஎமு 8.0-லிருந்து, இன்டெல் 82576 கார்டை சாஃப்ட்வேர்லயே பொய்யா உருவாக்கலாம். அதுல 7 வி.எஃப் கிடைக்கும். ஒண்ணை மட்டும் கெட்ட பையனா மாத்திப் பாருங்களேன்!