வெளிநாட்டில் 'வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு': முலுண்டில் இருப்பவர் சேர முடியுமா? சட்டம் என்ன சொல்கிறது?

கனடாவில் இருக்கும் சித்தப்பா மகன், பளிச்சென்ற ஆரஞ்சு நிற ஜாக்கெட் போட்டு, கையில் ஒரு சான்றிதழோடு நிற்கும் போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் பாஸ்' என்று கீழே ஒரு வரி. முலுண்டில் பத்தாவது படிக்கும் உங்கள் மகன் உடனே கேட்கிறான்: "நம்ம ஊர்ல இதை எங்க சொல்லித் தர்றாங்க? காடு பக்கத்துலயே இருக்கே!"

காடு பக்கத்தில்தான் இருக்கிறது. முலுண்ட் மேற்கின் எல்லையில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா தொடங்கிவிடுகிறது. ஆனால் வேட்டை வகுப்பு இங்கே கிடையாது. ஏன் என்று தெரிந்துகொள்வது, துப்பாக்கியையே தொடாத குடும்பத்துக்கும் அவசியம்.

அந்த வகுப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள்?

அமெரிக்காவிலும் கனடாவிலும் உரிமம் பெற்று, குறிப்பிட்ட பருவத்தில், குறிப்பிட்ட விலங்குகளை வேட்டையாடலாம். புதிதாக வருபவர்கள் முதலில் இந்த வகுப்பை முடிக்க வேண்டும். நியூயார்க் மாநிலம் 1949இலேயே இதைக் கட்டாயமாக்கியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பெற்றோர் சம்மதத்துடன் 12 வயதிலேயே சேரலாம். துப்பாக்கியைக் கையாள்வதற்குத் தனியாக இன்னொரு பயிற்சியும் உண்டு.

குறி பார்த்துச் சுடுவது இதில் சிறிய பகுதிதான். பெரும்பகுதி, ஆபத்தைத் தவிர்ப்பது எப்படி என்ற பாடம்:

* எந்தத் துப்பாக்கியானாலும் உள்ளே குண்டு இருப்பதாகவே நினைக்க வேண்டும்.
* குழல் முனை யாரையும் நோக்கி இருக்கக் கூடாது.
* சுடும் நொடி வரை விரல் விசையைத் தொடக் கூடாது.
* இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெளிவாகத் தெரியாமல் சுடக் கூடாது.

புதர் அசைந்ததும் 'மான்தான்' என்று நினைத்துச் சுட்டால், அங்கே இருப்பது கூட வந்த நண்பனாக இருக்கலாம். ஆரஞ்சு ஜாக்கெட் அதற்காகத்தான். வேலியைத் தாண்டும் முன் குண்டை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதும் பாடத்தில் உண்டு.

இந்தியாவில் ஏன் இல்லை?

ஒரு காலத்தில் இங்கேயும் வேட்டை உரிமம் இருந்தது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், சில விலங்குகளுக்கு உரிமத்தின் பேரில் வேட்டையை அனுமதித்தது. 1991இல் வந்த திருத்தம் அந்தக் கதவை மூடியது. உரிமமே இல்லாதபோது, உரிமத்துக்கான வகுப்பு எப்படி இருக்கும்?

அதனால், "லோனாவாலா பக்கம் ஃபார்ம்ஹவுஸ், ராத்திரி ஜீப்பில் போய் முயல் சுடலாம்" என்று யாராவது கூப்பிட்டால் அது சுற்றுலா இல்லை, குற்றம். 'கைடு இருக்கார், பயிற்சி தருவார்' என்றாலும் அதேதான்.

துப்பாக்கி இல்லையென்றால் வேட்டை இல்லையா?

இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். சட்டப்படி 'வேட்டை' என்றால் கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, விரட்டுவது, இரை வைத்து இழுப்பது, காயப்படுத்துவது எல்லாமே வேட்டைதான். பறவைகளின் முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும்கூட அதில் சேரும். முயற்சி செய்தாலே போதும்.

குறைந்த சக்தியுள்ள ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் அதை வைத்து மாடியிலிருந்து ஒரு கிளியைச் சுட்டால், அது பாதுகாக்கப்பட்ட பறவையை வேட்டையாடிய குற்றம். உண்டிவில்லால் அடித்தாலும் அப்படியே. லீவு நாளில் பையன்கள் விளையாட்டாகச் செய்வது வழக்கில் போய் நிற்கலாம்.

தண்டனை எவ்வளவு?

சிறுத்தை போன்ற முதல் அட்டவணை விலங்குகளை வேட்டையாடினாலோ, தேசியப் பூங்காவுக்குள் வேட்டையாடினாலோ குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதமும் உண்டு. 2022 திருத்தத்துக்குப் பிறகு அது குறைந்தபட்சம் 25,000 ரூபாய். மற்ற பொதுவான மீறல்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சிறுத்தை மேலே பாய்ந்தால்?

உயிரைக் காப்பாற்றிக்கொள்ள, நல்லெண்ணத்தோடு திருப்பித் தாக்கியதில் விலங்கு இறந்தால் அது குற்றம் ஆகாது. ஆனால் அந்த நேரத்தில் நீங்களே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால், உதாரணமாகக் கண்ணி வைக்கப் போயிருந்தால், இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

அரசே சுட உத்தரவிடுவதில்லையா?

உத்தரவிடும். மனித உயிருக்கு ஆபத்தான விலங்கைக் கொல்ல, மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் காரணத்தை எழுத்தில் பதிவு செய்து அனுமதிக்கலாம். முதலில் பிடிக்கவோ மயக்கவோ முடியாது என்பது உறுதியாக வேண்டும். மகாராஷ்டிராவின் யவத்மாளில் 2018 நவம்பர் 2 அன்று 'அவனி' என்ற பெண்புலி சுடப்பட்டபோது, இந்த நடைமுறை சரியாகப் பின்பற்றப்பட்டதா என்பதே பெரிய சர்ச்சையானது.

கேரளாவில் 2022 முதல், விவசாயத்தை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்குத் தரப்பட்டது. உரிமம் உள்ள துப்பாக்கி வைத்திருப்பவர்களை இதற்குப் பயன்படுத்துகிறார்கள். இதையும் விருப்பத்துக்குச் செய்யும் வேட்டையாக எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படியென்றால் மகனின் ஆர்வத்தை என்ன செய்வது?

சுடுவதில்தான் ஆசை என்றால் அதற்குச் சட்டப்படியான வழி இருக்கிறது. வொர்லியில் மகாராஷ்டிரா ரைபிள் சங்கத்தின் சுடுதளம் உள்ளது. கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தாலும் ரைபிள் பயிற்சி கிடைக்கும். சொந்தத் துப்பாக்கி உரிமம் கேட்க 21 வயது ஆக வேண்டும். 2016 ஆயுத விதிகளின்படி, விண்ணப்பிப்பவர் பாதுகாப்புப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். வெளிநாட்டு வகுப்பின் முதல் பாடமான 'குழல் முனை எங்கே பார்க்கிறது' என்பது இங்கேயும் முதல் பாடம்தான்.

முலுண்டுக்குத் தேவையான பாடம் எது?

2018 ஜனவரியில் முலுண்ட் கிழக்கின் நானேபாடா குடியிருப்புக்குள் ஒரு சிறுத்தை புகுந்து பலரைக் காயப்படுத்தியது. பிறகு மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். காட்டை ஒட்டி வாழும் உங்களுக்கு வேண்டிய பாதுகாப்பு வகுப்பு இதுதான்:

* குப்பையைத் தெருவில் குவிக்காதீர்கள். குப்பைக்கு நாய் வரும், நாய்க்குச் சிறுத்தை வரும்.
* இருட்டிய பிறகு குழந்தைகளைக் காட்டோரம் தனியாக அனுப்பாதீர்கள்.
* சிறுத்தையைப் பார்த்தால் ஓடாதீர்கள், குனியாதீர்கள். அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள்.
* மொபைலோடு கூட்டம் சேராதீர்கள். தப்பிக்க வழியில்லாத விலங்குதான் தாக்கும்.
* வனத்துறையின் 1926 என்ற எண்ணுக்கு உடனே சொல்லுங்கள்.

மகன் மறுபடி கேட்டால், கனடாவில் அவன் அண்ணன் படித்த பாடத்தில் ஒரு வரி இங்கேயும் அப்படியே பொருந்தும் என்று சொல்லுங்கள்: எதிரே இருப்பது என்னவென்று தெரியாமல் கையை ஓங்காதே.