உருகும் துருவப் பனியும் நம் ஊர் மழையும்

வட துருவத்திலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் தொலைவில், நார்வே நாட்டின் ஸ்வால்பார்ட் தீவுகளில் காங்ஸ்ஃபியோர்டன் என்ற குறுகலான கடற்கழி இருக்கிறது. 2014 ஜூலையில் இந்திய விஞ்ஞானிகள் அதன் நீருக்குள் ‘இண்டார்க்’ என்ற கருவித் தொகுப்பை நிலைநிறுத்தினார்கள். ஆண்டு முழுவதும் கடல்நீரின் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் அளப்பது அதன் வேலை. அதை உருவாக்கியதில் சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்தக் கழியின் கரையில் 2008 முதல் ‘ஹிமாத்ரி’ என்ற இந்திய ஆய்வு நிலையமும் இயங்கி வருகிறது.

பனிக்கடலில் நமக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அங்கே நடப்பதைப் புரிந்துகொண்டால் விடை கிடைக்கும்.

கண்ணாடியை இழக்கும் கடல்

துருவக் கடலின் மேற்பரப்பு உறைந்து உண்டாவதே கடல்பனி. பனித்தூள் மூடிய கடல்பனி, தன் மீது விழும் சூரிய ஒளியில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். பனி உருகிவிட்டால் அடியிலுள்ள கருநீலக் கடல் அந்த ஒளியில் பெரும்பகுதியை உறிஞ்சிச் சூடாகிறது. சூடான கடல் இன்னும் பனியை உருக்குகிறது. ஆர்க்டிக் பகுதி 1979க்குப் பிறகு உலகச் சராசரியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்ததற்கு இந்தச் சுழற்சி ஒரு முக்கியக் காரணம்.

கோடை முடியும் செப்டம்பரில்தான் அங்கே பனி மிகக் குறைவாக இருக்கும். 1980களில் அந்த மாதத்தில்கூட 70 லட்சம் சதுர கிலோமீட்டரை ஒட்டிப் பனி இருந்தது. 2012 செப்டம்பரில் அது சுமார் 34 லட்சமாகச் சுருங்கியது. ஏறக்குறைய இந்தியாவின் பரப்பளவுக்குச் சமமான பனி காணாமல் போயிருந்தது.

பனிக்கு அடியில் ஓர் உலகம்

கடல்பனியின் அடிப்பக்கத்தில் நுண்ணிய பாசிகள் வளர்கின்றன. அவற்றைச் சிற்றுயிர்கள் தின்கின்றன, அவற்றைத் துருவக் காட் மீன்கள் தின்கின்றன, மீன்களைச் சீல்கள், சீல்களைப் பனிக்கரடிகள். பனி இல்லையென்றால் கரடிக்கு வேட்டையாட நிற்கும் தரை மட்டும் போவதில்லை. உணவுச் சங்கிலியின் முதல் கண்ணியே அறுந்துபோகிறது. காங்ஸ்ஃபியோர்டனில் 2006க்குப் பிறகு பல குளிர்காலங்களில் கடல் சரியாக உறையவில்லை. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் உள்ளே வருகிறது. கூடவே தெற்கத்திய மீன்களும் வருகின்றன.

தென் துருவத்திலும் இதே கதைதான். அங்கே திமிங்கலம் முதல் பென்குயின் வரை பல உயிர்களுக்கும் உணவு ‘கிரில்’. நம் ஊர்ச் சந்தையில் விற்கும் கூனி இறாலைப் போன்றது. அதன் குஞ்சுகள் குளிர்காலத்தைப் பனிக்கடியிலுள்ள பாசியைத் தின்றுதான் கடக்கின்றன. எம்பரர் பென்குயின்கள் குஞ்சு பொரிப்பதும் கடல்பனியின் மேல்தான். 2022இல் பெல்லிங்ஸ்ஹவுசன் கடற்பகுதியில் பனி முன்கூட்டியே உடைந்தது. நீர் ஒட்டாத இறகு முளைப்பதற்கு முன்பே குஞ்சுகளின் காலடியில் இருந்த பனி போய்விட்டது. அங்கே அறியப்பட்டிருந்த ஐந்து கூட்டங்களில் நான்கில் அவ்வாண்டுக் குஞ்சுகள் தப்பவில்லை என்றே விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

நம்மைத் தொடும் இரண்டு வழிகள்

முதலாவது மழை. ஆர்க்டிக்கின் காரா கடலில் கோடைப் பனி குறைவதற்கும், மத்திய இந்தியாவில் செப்டம்பரில் கொட்டித் தீர்க்கும் பெருமழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று கோவாவிலுள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகள் 2021இல் எழுதினார்கள். பனி இழந்த கடலின் வெப்பம் மேல்வளிக் காற்றோட்டத்தை மாற்றுகிறது; அரபிக்கடலின் சூடும் அதோடு சேர்ந்துகொள்கிறது. இந்த முடிவைத் தமிழகத்துக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் பருவக்காற்று ஒரே பெரிய அமைப்பு. கொல்லிமலையின் வாசலூர்பட்டியில் மிளகும் காபியும் வைத்திருப்பவருக்கு மழையின் அளவைப் போலவே அது வரும் நாளும் முக்கியம்.

இரண்டாவது கடல்மட்டம். மிதக்கும் கடல்பனி உருகினால் கடல்மட்டம் பெரிதாக உயராது. கிரீன்லாந்தின் நிலத்தின் மேல் கிடக்கும் பனி உருகினால் உயரும். அவ்வளவு பெரிய பனிப்பாளம் தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. அது கரையும்போது அந்த நீர் விலகி, தொலைதூரக் கடல்களில் சராசரியைவிடச் சற்று அதிகமாகவே ஏறுகிறது. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் எல்லாம் அந்தத் தொலைதூரக் கரையில்தான் இருக்கின்றன.

மீஸானைப் பேணுதல்

திருக்குர்ஆனின் அர்ரஹ்மான் அத்தியாயம் ‘மீஸான்’ என்னும் தராசைப் பற்றிப் பேசி, அதில் வரம்பு மீறுவதைத் தடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பாசியும் அந்தத் தராசில் ஓர் எடைதான் என்பதைத் துருவக்கடல் காட்டுகிறது. இந்தத் தராசைச் சாய்த்ததில் நிலக்கரியையும் எண்ணெயையும் அளவின்றி எரித்த செல்வ நாடுகளின் பங்கே பெரிது. அதை உலக அரங்கில் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதற்காக நம் வீண்விரயம் கூடாகிவிடாது. ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்தாலும் தண்ணீரை விரயம் செய்யாதே என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். பள்ளிவாசல் கூரையில் சூரிய மின்தகடு வைப்பதும், வலீமா விருந்தில் சோறு குப்பைக்குப் போகாமல் தடுப்பதும் ஜமாஅத்துகள் இந்த மாதமே பேசி முடிவெடுக்கக்கூடிய காரியங்கள்.