தங்கமீனில் ஆண் எது, பெண் எது?

தங்கமீன் ஜோடி கேட்டால் கடைக்காரர் வலையை விட்டு இரண்டைப் பிடித்துக் கொடுத்துவிடுவார். அது ஆணும் பெண்ணும்தானா? குஞ்சுப் பருவத்தில் பார்வையை வைத்துச் சொல்ல முடியாது. ஏறக்குறைய ஒரு வயதாக வேண்டும்.

இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியை உற்றுப் பாருங்கள். ஆண் மீனுக்கு அங்கே குண்டூசி முனை அளவில் வெள்ளைப் புள்ளிகள் அரும்பும். மார்புத் துடுப்பின் முன்விளிம்பிலும் அவை வரிசையாகத் தெரியும், தொட்டால் சொரசொரக்கும். நோய் என்று பயந்து மருந்து ஊற்றிவிட வேண்டாம். வெள்ளைப்புள்ளி நோய் என்றால் உடம்பு, வால் என எங்கும் சிதறியிருக்கும்.

பெண் மீனுக்கு வயிறு புடைத்து, மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் சற்றுத் தள்ளியிருக்கும். ஒராண்டா, ரியூகின் போன்ற உருண்டை ரகங்களில் மட்டும் வயிற்றை நம்பாதீர்கள். அவை எல்லாமே சூல்கொண்டவை போலத்தான் இருக்கும்!

மதுரையில் சித்திரை வெயிலைவிட மார்கழி, தை மாதக் குளிர்ச்சி இனப்பெருக்கத்துக்குத் தோது. விடியற்காலையில் ஆண் மீன் பெண்ணை விரட்டி விரட்டி முட்டும். முட்டைகள் ஒட்டும் தன்மையுள்ளவை. கழுவிய ஆகாயத்தாமரை வேரைத் தொட்டியில் மிதக்க விட்டால் அதில் ஒட்டிக்கொள்ளும். உடனே பெற்றோரை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் முட்டைகளைத் தின்றுவிடும். மூன்று, நான்கு நாளில் குஞ்சு பொரிக்கும்.

மிஞ்சும் குஞ்சுகளை நண்பர்களுக்குக் கொடுங்கள். வண்டியூர்க் கண்மாயிலோ வைகையிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள்.