நாற்றம் எங்கிருந்து வருகிறது?

பொதுக் கழிப்பிடம் என்றால் நாறத்தான் செய்யும் என்று நம் ஊர்ப்பக்கம் ஒரு முடிவு இருக்கிறது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் வரும்: அங்கே போகிற சனங்களுக்குச் சுத்தம் தெரியாது. இந்த இரண்டாவது பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. நாற்றத்துக்கு வேதியியலில் காரணம் இருக்கிறது. அதில் பெரும்பங்கு கழிப்பிடத்தைக் கட்டும்போதே செய்துவிடுகிற பிழை.

சிறுநீர் உடம்பை விட்டு வரும்போது அவ்வளவாக நாறுவதில்லை. அது தரையில் தேங்கினால், அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்ற நொதியைக் கொண்டு அதிலுள்ள யூரியாவை உடைக்கின்றன. அப்போது பிறக்கும் அம்மோனியாதான் மூக்கைத் துளைப்பது. அம்மோனியா சேரச் சேரக் காரத்தன்மை ஏறும். சிறுநீரிலுள்ள பாஸ்பேட், தண்ணீரிலுள்ள கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் கூடிப் படிகமாகப் பேசனில் ஒட்டிக்கொள்ளும். கோவை வட்டாரத்தில் கழிப்பிடங்களுக்கு வருவது பெரும்பாலும் போர்வெல் உப்புத் தண்ணீர். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதைப் போலத்தான் இங்கே மஞ்சளாகப் படிகிறது. சொரசொரப்பான அந்தப் படிவுக்குள் பாக்டீரியா குடியிருக்கும். காலையில் கழுவிவிட்டாலும் சாயங்காலம் மறுபடி நாறும்.

உடனே ஆசிட் ஊற்றுவார்கள். படிவு கரையும், பளிச்சென்று இருக்கும். ஆனால் டைல்ஸுக்கு இடையிலுள்ள சிமெண்ட்டையும் ஆசிட் அரித்துவிடும். அந்த இடுக்கில் சிறுநீர் இறங்கினால் பிறகு எந்தப் பினாயிலும் எட்டாது. தண்ணீரும் பிரஷ்ஷும் தினமும் போட்டுத் தேய்த்து, வாரம் ஒருமுறை சிட்ரிக் அமிலம் போன்ற மென்மையான ஒன்றைக் கொண்டு படிவு கெட்டிப்படும் முன்பே எடுத்துவிடுவது நல்லது. கூரையை ஒட்டி இரண்டு பக்கமும் காற்றுப்போக்கி வேண்டும். அம்மோனியா காற்றைவிட இலேசானது, வழி கொடுத்தால் மேலே ஏறிப் போய்விடும்.

பேசனையும் பார்க்க வேண்டும். நல்ல சரிவும், அடியில் நாற்றத்தைத் தடுக்கும் 20 மில்லிமீட்டர் நீரடைப்பும் உள்ள பேசனுக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் போதும். தட்டையான பேசனுக்கு ஒரு வாளி ஊற்றினாலும் பத்தாது. தண்ணீர் வராத நாளில் அந்த ஒரு வாளிக்கு எங்கே போவது? அடுத்து வருகிறவர் முந்தையவரைத் திட்டுவார்.

கோவை அம்மன்குளத்தில் ஒரே அறையில், நடுவே தடுப்பும் இல்லாமல், இரண்டு பேசன் வைத்திருந்த மாநகராட்சிக் கழிப்பிடத்தின் படம் 2022இல் ஊரெல்லாம் சுற்றியது. பலரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டுகிறவர்கள், போகிறவர்களைக் கேட்டதே இல்லை என்பதைத்தான் அந்தப் படம் காட்டியது. தூய்மை இந்தியா வழிகாட்டி 35 ஆண்களுக்கு ஒரு இருக்கை, 25 பெண்களுக்கு ஒரு இருக்கை என்று கணக்குப் போடுகிறது. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத, ராத்திரி விளக்கு எரியாத இருக்கையை எப்படி எண்ணிக்கையில் சேர்ப்பது? அப்படிப்பட்ட இடங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள், சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாகிறார்கள்.

இனி, கண்ணுக்குத் தெரியாத பாதி. செப்டிக் டேங்க் என்று சொல்லிக்கொள்கிற பல தொட்டிகள் உண்மையில் ரிங் இறக்கிய குழிகள்தான். முறையான தொட்டியில் அறைகள் உண்டு, சுவர் கசியாது. கசடு அடியில் தங்கும், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் செரிக்கும், தெளிந்த நீர் மட்டும் அடுத்த அறைக்குப் போகும். வீட்டுத் தொட்டியையே இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டும், ஊருக்கே பொதுவான தொட்டியை இன்னும் சீக்கிரம். விட்டுவிட்டால் கசடு அப்படியே சாக்கடைக்கு வழியும். நம் பக்கத்துப் பாறை நிலத்தில் குழியிலிருந்து கசிவது வெடிப்பு வழியே வெகுதூரம் ஓடிப் போர்வெல்லைச் சேரக்கூடும். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தத் தண்ணீர் குடிக்க ஏற்றதல்ல.

பாதுகாப்புக் கவசம் இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடும்போது மோப்ப உணர்வையே மரத்துப்போக வைக்கும். நாற்றம் போய்விட்டதே என்று இறங்குகிறவர் ஏறி வருவதில்லை. அப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. அந்தச் சாவு நேராமலிருக்க உறிஞ்சும் லாரி போதும்.

லாரி எடுத்த கசடை எங்கே கொட்டுவது? இதற்கு விடை கோவை மாவட்டத்தில் எங்கள் காரமடைக்குத் தெற்கே, மேட்டுப்பாளையம் ரோட்டிலேயே இருக்கிறது. 2015இல் தொடங்கிய தமிழ்நாடு நகர்ப்புறச் சுகாதார ஆதரவுத் திட்டம், திருச்சியோடு பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் பேரூராட்சிகளையும் எடுத்துக்கொண்டது. அந்த இரண்டு பேரூராட்சிகளுக்கும் பொதுவாகக் கசடுக் கழிவுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. தமிழகத்தின் முதல் நிலையம் 2017இல் கருங்குழியில் இயங்கத் தொடங்கியிருந்தது. இத்தகைய நிலையங்களில் மணலும் ஜல்லியும் பரப்பிய படுகையில் கசடைப் பரப்பி உலர விடுவார்கள். வடியும் நீர், கல்வாழை போன்ற செடிகள் வளரும் ஜல்லிப் படுகை வழியே போய்த் தெளியும். உலர்ந்த கசடு எருவாகும். ஆனால் உருண்டைப்புழுவின் முட்டை லேசில் சாகாது. மாதக்கணக்கில் காயவைத்த பிறகே வயலுக்கு விட வேண்டும்.

எந்திரமும் படுகையும் வந்துவிட்டாலும், தினமும் கழிப்பிடத்தைத் திறந்து வைக்க ஆள் வேண்டும். திருச்சியில் இதைப் பெண்கள் செய்து காட்டினார்கள். கிராமாலயா தொண்டு நிறுவனத்தின் துணையோடு குடிசைப் பகுதிகளில் பெண்கள் குழு அமைத்துக் கழிப்பிடத்தைத் தங்கள் கையில் எடுத்தார்கள். முறை வைத்து வாசலில் உட்கார்ந்து, 50 பைசா வாங்கி டோக்கன் கொடுத்தார்கள். துப்புரவுக் கூலியும் கரண்டு பில்லும் அதிலிருந்தே போயின. மிஞ்சியது குழுவின் கணக்கில் சேர்ந்தது. 2002இல் திருச்சியின் கல்மந்தை, திறந்தவெளியில் மலம் கழிக்காத குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே முதல் என்று சொல்லப்பட்டது.

காரமடை 2021இல் நகராட்சியானது. மாசித் தேருக்கு லட்சக்கணக்கில் சனம் கூடும் ஊர் இது. இங்கே அடுத்த கழிப்பிடத்துக்கு மதிப்பீடு போடும்போது தொட்டியின் மூடி லாரிக் குழாய் எட்டும் இடத்தில் இருக்கிறதா, பராமரிப்புக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கியிருக்கிறதா என்று கவுன்சிலர் கேட்கலாம். நாப்கின் போடும் தொட்டி எங்கே, விளக்கு எந்த மூலையில் என்பதை அந்தத் தெருப் பெண்களிடம் கேளுங்கள், வரைபடம் முடிவாவதற்கு முன்பே.