இளையோர் மென்பந்தாட்டத்தில் நடுவர்களும் முறையற்ற உத்திகளும்

சாப்ட்பால் எனப்படும் மென்பந்தாட்டம், பேஸ்பால் ஆட்டத்திலிருந்து கிளைத்த ஓர் அணி விளையாட்டு ஆகும். இது 1887ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஓர் உள்ளரங்கில் தொடங்கியது. லிட்டில் லீக் அமைப்பு 1974ஆம் ஆண்டு முதல் சிறுமியருக்கான மென்பந்தாட்டப் போட்டிகளை நடத்தி வருகிறது. 10 வயதுக்கு உட்பட்டோருக்கு எறிதளம் 35 அடி தொலைவிலும், 12 வயதுக்கு உட்பட்டோருக்கு 40 அடி தொலைவிலும் அமைக்கப்படுகிறது. தளங்களுக்கு இடையே 60 அடி இடைவெளி உண்டு.

விதிகளை முழுமையாக அறியாத சிறுவர் சிறுமியர் ஆடுவதாலும், வெற்றியை விரும்பும் பயிற்சியாளர்கள் எல்லைக்கோட்டின் ஓரத்தில் நிற்பதாலும், இளையோர் ஆட்டங்களில் ஏமாற்று உத்திகளும் எதிர்பாராத நிலைகளும் அடிக்கடி தோன்றுகின்றன. இவற்றை நடுவர்கள் எவ்வாறு கையாளுகின்றனர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. விதிகள் அமைப்புக்கு அமைப்பு சற்றே மாறுபடும். இங்குக் கூறப்படுபவை பெரும்பாலும் யுஎஸ்ஏ சாப்ட்பால் அமைப்பின் வேக எறி ஆட்ட விதிகளை ஒட்டியவை.

தந்திரமும் ஏமாற்றும்

எல்லாத் தந்திரங்களும் குற்றம் அல்ல. இளையோர் ஆட்டத்தில் அடிக்கடி காணப்படும் ஓர் உத்தியை எடுத்துக்கொள்ளலாம். மூன்றாம் தளத்தில் ஓர் ஓட்டக்காரர் நிற்கிறார். நான்கு தவறான எறிகளால் முதல் தளத்தைப் பெற்ற மட்டையாளர், அங்கு நிற்காமல் இரண்டாம் தளத்தை நோக்கி ஓடுகிறார். அவரை ஆட்டமிழக்கச் செய்ய எறிவாளர் பந்தை வீசினால், அந்த நேரத்தில் மூன்றாம் தள ஓட்டக்காரர் ஓடி வந்து ஓட்டம் எடுத்துவிடலாம். பார்வையாளர்களுக்கு இது ஏமாற்று போலத் தோன்றினாலும், இது விதிக்கு உட்பட்டதே.

இங்கு நடுவர் கவனிப்பது ஓட்டக்காரரின் கால்களை மட்டுமே. எறிவாளர் 8 அடி ஆரமுள்ள வட்டத்துக்குள் பந்தை வைத்திருக்கும்போது, தளத்துக்கு வெளியே உள்ள ஓட்டக்காரர் ஒருமுறை நிற்கலாம். பின்னர் உடனே முன்னேற வேண்டும் அல்லது திரும்ப வேண்டும். தயங்கி முன்னும் பின்னும் ஆடினால் அவர் ஆட்டமிழப்பார். எறிவாளர் பந்தை வீசினாலோ, வீசுவதுபோலப் பாவனை செய்தாலோ இக்கட்டுப்பாடு நீங்கிவிடும்.

இதற்கு மாறாக, எதிரணியின் ஆடும் வாய்ப்பையே பறிக்கும் செயல்கள் தடை செய்யப்பட்டுள்ளன. கையில் பந்து இல்லாத தடுப்பாளர், பந்து இருப்பதுபோல் நடித்து ஓட்டக்காரரைத் தொட முயல்வது ஓர் எடுத்துக்காட்டு. ஓட்டக்காரர் திடீரென நின்றாலோ சறுக்கினாலோ காயம் ஏற்படலாம் என்பதால் இது தடுத்தல் குற்றமாகவே கருதப்படுகிறது. மட்டையாளரின் பார்வைக்கு நேராக நின்று கவனத்தைக் குலைப்பதும் முறையற்ற நடத்தையாகும்.

இழப்பை ஈடுசெய்தல்

தடுத்தல் நிகழும்போது நடுவர் உடனே ஆட்டத்தை நிறுத்துவதில்லை. இடக்கையை மடக்கிய விரல்களுடன் பக்கவாட்டில் நீட்டிச் சைகை காட்டுகிறார். ஆட்டம் தொடர்கிறது. அது முடிந்தபின், தடுக்கப்படாமல் இருந்திருந்தால் ஓட்டக்காரர் எந்தத் தளத்தை அடைந்திருப்பார் என மதிப்பிட்டு, அத்தளத்தை அவருக்கு வழங்குகிறார். தவறு செய்யாதவருக்கு இழப்பு நேரக்கூடாது என்பதே இதன் நோக்கம்.

ஓட்டக்காரர் தடுப்பாளரின் பணியைக் கெடுப்பது குறுக்கீடு எனப்படும். அப்போது ஆட்டம் உடனே நிறுத்தப்பட்டு, பொதுவாகக் குறுக்கிட்டவர் ஆட்டமிழந்ததாக அறிவிக்கப்படுவார்.

சில விதிகள் ஏமாற்றினால் கிடைக்கும் பயனையே நீக்கிவிடுகின்றன. இருவர் ஆட்டமிழப்பதற்கு முன், முதல் இரு தளங்களிலும் ஓட்டக்காரர்கள் இருக்கும்போது, எளிதில் பிடிக்கக்கூடிய பந்து உட்களத்தில் உயர எழுந்தால், அது பிடிக்கப்படும் முன்பே மட்டையாளர் ஆட்டமிழந்ததாக நடுவர் அறிவிப்பார். பந்தை வேண்டுமென்றே நழுவவிட்டு இருவரை வீழ்த்தும் சூழ்ச்சிக்கு இதனால் இடமில்லாமல் போகிறது.

நேரத்தை வீணாக்குதல்

பல இளையோர் போட்டிகளில் ஆட்டத்துக்கு நேர வரம்பு உண்டு. முன்னிலையில் உள்ள அணி காலணிக் கயிற்றைக் கட்டுவது, அடிக்கடி ஆலோசனை செய்வது என நேரத்தைக் கடத்தும். சில வேளைகளில் ஓர் அணி விரைவாக இன்னிங்ஸை முடிப்பதற்காக வேண்டுமென்றே ஆட்டமிழக்கவும் செய்யும். ஆட்டத்தைத் தாமதப்படுத்தவோ விரைவுபடுத்தவோ வெளிப்படையாக முயலும் அணி ஆட்டத்தையே இழக்கும் எனத் தீர்ப்பளிக்க விதி இடம் தருகிறது. ஆயினும் அது கடைசி நடவடிக்கையே. அனுபவமுள்ள நடுவர் முதலில் பயிற்சியாளரை அழைத்து அமைதியாக எச்சரிப்பார். பயிற்சியாளர் வகுத்த உத்திக்காகச் சிறுமியைக் கடிந்துகொள்வது முறையன்று.

நடுவர் பேசாதிருக்க வேண்டிய இடங்கள்

மட்டையாளர் வரிசை மாறி ஆடினாலோ, ஓட்டக்காரர் ஒரு தளத்தைத் தொடாமல் கடந்தாலோ நடுவர் தாமாக எதுவும் சொல்வதில்லை. எதிரணி கவனித்து முறையிட்டால் மட்டுமே தீர்ப்பளிப்பார். சிறுவர் ஆட்டத்தில் இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் நடுவர் ஒரு அணியின் தவற்றைச் சுட்டிக்காட்டினால், அவர் மற்ற அணிக்கு உதவியவர் ஆகிவிடுவார்.

விதிநூலில் இல்லாத நிலைகள்

களத்துக்குள் நாய் ஓடிவருவது போன்ற எல்லா நிகழ்வுகளையும் விதிநூல் கூற இயலாது. எனவே விதிகளில் குறிப்பிடப்படாத எதைப் பற்றியும் தீர்ப்பளிக்கும் அதிகாரம் நடுவருக்கு வழங்கப்பட்டுள்ளது. இடி மின்னலின்போது ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடங்கள் காத்திருப்பது பரவலான நடைமுறையாகும்.

விதியை நடுவரே தவறாக நினைவில் கொள்வதும் உண்டு. 2008 ஏப்ரலில் வாஷிங்டன் மாநிலத்தின் எல்லன்ஸ்பர்க் நகரில் நடந்த கல்லூரி ஆட்டம் இதற்குப் புகழ்பெற்ற சான்று. வெஸ்டர்ன் ஒரிகன் அணியின் சாரா டக்கோல்ஸ்கி தம் முதல் ஹோம் ரன்னை அடித்தார். முதல் தளத்தைத் தொடாமல் கடந்ததால் திரும்பியபோது முழங்காலில் காயமுற்று விழுந்தார். சக ஆட்டக்காரர்கள் அவருக்கு உதவக்கூடாது என்றும், மாற்று ஓட்டக்காரரை இறக்கினால் முதல் தளம் மட்டுமே கிடைக்கும் என்றும் கூறப்பட்டது. அப்போது எதிரணியான சென்ட்ரல் வாஷிங்டனின் மல்லரி ஹோல்ட்மனும் லிஸ் வாலஸும் அவரைத் தூக்கிச் சென்று ஒவ்வொரு தளத்தையும் தொடவைத்தனர். வெஸ்டர்ன் ஒரிகன் 4–2 என வென்றது. மாற்று ஓட்டக்காரரே எஞ்சிய தளங்களைச் சுற்றிவர விதி அனுமதித்திருந்தது என்பது பின்னரே தெரியவந்தது.

இத்தகைய பிழைகளைக் களத்திலேயே திருத்த வழி உண்டு. நடுவரின் மதிப்பீட்டை எதிர்த்து முறையிட இயலாது. விதியைத் தவறாகப் பொருத்தினால், அடுத்த எறிக்கு முன்பாகப் பயிற்சியாளர் முறையிடலாம்.

நடுவரின் அதிகார எல்லை

2015 ஆகஸ்டில் ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் நடந்த லிட்டில் லீக் மென்பந்தாட்ட உலகத் தொடரில், அரையிறுதியை ஏற்கெனவே உறுதிசெய்த வாஷிங்டன் மாநில அணி, தன் முக்கிய ஆட்டக்காரர்கள் சிலரை வெளியே அமர்த்தி, வட கரோலினா அணியிடம் 8–0 எனத் தோற்றது. இம்முடிவால் அயோவா அணி வெளியேறும் நிலை ஏற்பட்டது. வாஷிங்டன் அணி வேண்டுமென்றே தோற்றது என அயோவா முறையிட்டது.

களத்தில் எந்த ஆட்ட விதியும் மீறப்படவில்லை. யாரை ஆடவைப்பது என்பது பயிற்சியாளரின் உரிமை என்பதால் நடுவர்களால் எதுவும் செய்ய இயலவில்லை. போட்டியை நடத்திய அமைப்பே தலையிட்டு, அவ்விரு அணிகளுக்கும் இடையே கூடுதல் ஆட்டம் ஒன்றை அறிவித்தது. அதில் அயோவா 3–2 என வென்றது.

வாஷிங்டன் சிறுமியர் தங்கள் பயிற்சியாளர் வகுத்தபடியே ஆடினர். ஆனால் விளைவு அவர்கள் மீதே விழுந்தது. இளையோர் ஆட்டத்தில் நடுவரின் எச்சரிக்கை முதலில் பெரியவர்களை நோக்கியே அமைய வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.